நிலா நிலா நிலா நிலா நிலா

அக்கா மகளுக்கு இந்த வருடம் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரி, காலை ஷிஃப்ட். கலந்தாய்வு முடிந்து வெளியே வந்த கையோடு எனக்குத்தான் முதல் போன். "சித்தி, சீட்டு கிடைச்சிடுச்சு" என்றாள். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "எந்த கைடு வாங்கட்டும்?"

என்ன பாடம், எந்தக் கவிதை, எந்த நாடகம் என்று கேட்கவில்லை. கைடு எது என்றுதான் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நானும் சேர்க்கைச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நின்ற இடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கைடு கடைதான். அன்று அவளுக்கு போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிற பிள்ளைகள் அவளைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான். அம்மா பீடி சுற்றினாள். அப்பாவுக்கு மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் 200-க்கு 168. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலப் பாடத்தின் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுவார்கள் என்பதால் எளிதாக இடம் கிடைத்தது. அந்த 168-ல் நானாக யோசித்து எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் மனப்பாடம்.

முதல் நாள் வகுப்பில், ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார்கள். அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள. நானும் அதையே சொன்னேன். தெருவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். "இங்கிலீஷ் லிட்டரேச்சரா? அப்போ இனிமே பொளந்து கட்டுவே" என்பார்கள். கவிதையும் நாடகமும் படிக்கிற படிப்பு அது என்று வீட்டிலும் தெரியாது, தெருவிலும் தெரியாது, சேர்ந்த எங்களுக்கும் தெரியாது.

முதல் வருடம் முழுக்க நோட்ஸ்தான். மேஜர் பேப்பர் ஒவ்வொன்றுக்கும் யாரோ எப்போதோ எழுதிவைத்த நோட்ஸ் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன பக்கங்கள். ஐந்து மார்க்குக்கு ஒன்றரைப் பக்கம், பத்து மார்க்குக்கு நான்கு பக்கம். ஒரு நாடகத்தைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதி, அந்தத் தாளில் 75-க்கு 51 வாங்கினேன். மறுநாள் வராந்தாவில் ஒரு பேராசிரியர் நிறுத்தி, "நல்லா எழுதியிருக்கியாமே. அந்த நாடகத்துல உனக்குப் பிடிச்ச இடம் எது?" என்று கேட்டார். அவர் சோதிக்கவில்லை, அன்பாகத்தான் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. நாடகத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. துறை நூலகத்தில் இருந்த ஒரே பிரதி பீரோவுக்குள் பூட்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்றுகூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. படிக்காத ஒன்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மார்க் வாங்க முடிகிறது என்றால் அது என்ன படிப்பு? அந்த வயதில் இவ்வளவு தெளிவாக நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு மனசு ஒருமாதிரி கூசிப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் ஒரு மேடம் வந்தார். கௌரவ விரிவுரையாளர். தினமும் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து போவார். கவிதைத் தாள் அவருடையது. முதல் வகுப்பில் சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் தமிழில் எழுதினார்:

நிலா நிலா நிலா நிலா நிலா

வகுப்பில் சலசலப்பு. ஆங்கில மேஜர் வகுப்பில் பலகையில் தமிழ் எழுத்தை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. "இது என்ன அசை?" என்று கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நிரையசை மேடம்" என்றான். ஏன்? "குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தா நிரை." ஸ்கூலில் அலகிட்டு வாய்பாடு எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருக்கிறோம். ஒரே குரலில் சொன்னோம். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாரோ ஒப்பிக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"அப்போ யாப்பு உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்துல இதுக்குப் பேரு ஐயாம்பிக் பென்டாமீட்டர். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. அஞ்சு நிலா, அவ்வளவுதான்."

அதற்குக் கீழே ஷேக்ஸ்பியரின் பதினெட்டாவது சானெட்டின் (சானெட் என்றால் பதினான்கு வரிக் கவிதை) முதல் வரியைப் பிரித்து எழுதினார். ஷேல் ஐ, கம்பேர், தீ டு, அ சம், மர்ஸ் டே. ஒவ்வொரு துண்டிலும் இரண்டாவது அசையில் அழுத்தம் விழுகிறது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னார். அறுபது பேர் தட்டினோம். மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. நி-லா, நி-லா. தமிழில் நாம் பார்ப்பது மாத்திரையின் நீளம், ஆங்கிலத்தில் பார்ப்பது குரலின் அழுத்தம், இரண்டும் ஒன்றல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். "ஆனா காது ஒண்ணுதான். உங்க காது ஏற்கெனவே பழகின காது."

நான்கு நூற்றாண்டு பழைய ஒரு வரி, 1609-ல் அச்சான வரி, என் விரல் நுனியில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஐயாம்பிக் பென்டாமீட்டருக்கு இலக்கணம் எழுதி நான் இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அது எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு மேடம் ஒரு வேலை செய்தார். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு செய்யுளுக்குக் கீழேயும் என்னென்ன தலைப்பு இருக்கும் என்று கேட்டார். சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அணி. "இதே வரிசையில இங்கிலீஷ் கவிதைக்கும் எழுதுங்க." ஆளுக்கொரு லாங் சைஸ் நோட்டு. இடது பக்கம் பதவுரை, வலது பக்கம் பொழிப்புரை. இரண்டும் தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டையும் எழுதி முடித்தவர்கள்தான் கவிதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று கருத்துச் சொல்லலாம். ஒரு கவிதைக்கு ஒரு வாரம்கூட ஆனது. போர்ஷன் முடியவில்லை என்று எங்களுக்கே பயம். அவர் அசையவில்லை.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கில இலக்கியத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது. திருக்குறளின் ஒன்றேமுக்கால் அடிக்குப் பரிமேலழகர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது, அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று பார்க்கிற படிப்பு அது. ஆங்கில இலக்கியத்தில் க்ளோஸ் ரீடிங் என்று எதைப் பெரிதாகச் சொல்கிறார்களோ, அதற்குப் பக்கத்துவீட்டு உறவு நம் உரை மரபு. ஆனால் கல்லூரி வாசலில் காலை வைத்ததும், அதையெல்லாம் செருப்பைப்போல வெளியே கழற்றிவைக்கச் சொல்லிவிடுகிறோம். தமிழில் ஒரு சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கிற வகுப்புகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வாயை மூடிக்கொள்கிற பிள்ளைக்குக் கடைசியில் மனப்பாடம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், கவிஞர் பெயரை எடுத்துவிட்டு வெறும் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதைத் தொகுத்து 1929-ல் புத்தகமாக்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள், நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பவர்கள், அவர்களிலும் நிறையப் பேர் வரியின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தார்கள். மேடம் இதைச் சொன்ன அன்று எங்கள் வகுப்புக்கே முதுகு நிமிர்ந்தது. பேசத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு.

ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற அயர்லாந்து எழுத்தாளர் பாடமாக வந்தார். 1729-ல் எழுதிய 'எ மாடஸ்ட் ப்ரபோசல்'. அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு இறைச்சியாக விற்கலாம், நாட்டின் வறுமை தீரும் என்று யோசனை சொல்கிற கட்டுரை. கணக்குப் போட்டு எழுதியிருப்பார். ஆண்டுக்கு ஏழை வீடுகளில் பிறக்கும் 1,20,000 குழந்தைகளில் 20,000-ஐ இனவிருத்திக்கு நிறுத்திக்கொண்டு மீதி ஒரு லட்சத்தை விற்கலாம் என்பார். விலை சொல்வார், எப்படிச் சமைத்தால் நன்றாக இருக்கும் என்பார். பதவுரை எழுதிக்கொண்டிருந்த என் தோழி பேனாவை வைத்துவிட்டாள். "மேடம், இந்த ஆளு பைத்தியமா?" கைடில் 'இது ஒரு சட்டையர்', அதாவது அங்கதம், என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் அவளுடைய அருவருப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேடம் பதில் சொல்லவில்லை. பலகையில் ஒரு குறள் எழுதினார்.

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்

"இது என்ன அணி?" எங்களுக்குத் தெரியும். வஞ்சப் புகழ்ச்சி அணி. கயவர்களைத் தேவர்கள் என்கிறார் வள்ளுவர், ஏனென்றால் இருவரும் தங்கள் இஷ்டப்படி நடப்பவர்கள். "வள்ளுவர் கயவர்களைப் புகழ்றாரா?" இல்லை. "எப்படித் தெரியும்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரு முழுப் பீரியட் ஆனது. புகழ்வதுபோல இருக்கிற வரிக்குள் எந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது? தேவர் என்று உயர்த்திவிட்டு, அதற்குக் காரணமாகச் சொல்கிற 'மேவன செய்தொழுகல்'தான். அதே கேள்வியோடு ஸ்விஃப்டிடம் திரும்பினோம். எங்கே காட்டிக்கொடுக்கிறார்? ஒரு இடத்தில், நிலச்சுவான்தார்கள் ஏற்கெனவே பெற்றோரை விழுங்கிவிட்டார்கள், அதனால் பிள்ளைகளை உண்ணும் உரிமையும் அவர்களுக்குத்தான் அதிகம் என்று எழுதியிருப்பார். தோழிதான் அந்த வரியைக் கண்டுபிடித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 51 மார்க் வாங்கிய தாளில் எனக்குக் கிடைக்காத ஒன்று அன்றைக்குக் கிடைத்தது.

மில்டனைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஆங்கிலக் கவிஞரின் காவியம் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-ல் வெளிவந்தது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். அதற்குள் மில்டனுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டிருந்தது, சொல்லச் சொல்லப் பிறர் எழுதியதுதான். எங்களுக்கு முதல் காண்டம் மட்டும் பாடம். முதல் வாக்கியத்தில் நுழைந்து தடுமாறினோம். மனிதனின் முதல் கீழ்ப்படியாமை பற்றி, விலக்கப்பட்ட மரத்தின் கனி பற்றி, அதன் சுவை கொண்டுவந்த மரணம் பற்றி என்று போய்க்கொண்டே இருக்கிறது. 'பாடு' என்கிற வினை ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இது கஷ்டமான வாக்கியம், ஏனென்றால் வினை சீக்கிரம் வந்து பழகிய மொழி அது. மேடம் சொன்னார்: "நமக்கென்ன கஷ்டம்? தமிழ்ல வினைமுற்று கடைசியிலதான் வரும். நாம காத்திருந்து பழகினவங்க." பட்டினப்பாலையை நினைவுபடுத்தினார். 301 அடிகளில், இருநூற்றுக்கும் மேல் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையே சொல்லிக்கொண்டு போய், அப்படிப்பட்ட பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து 'வாரேன்' என்று முடியும் இடம். அந்த ஒரு சொல்லுக்காக அத்தனை அடிகளும் காத்திருக்கின்றன.

'வினையைத் தேடு' என்பது அதற்குப் பிறகு என் பழக்கமாகிவிட்டது. அந்த விடுமுறையில் எதிர்வீட்டு அத்தை ஒரு கவரோடு வந்தார். நகைக்கடன் வைத்த இடத்திலிருந்து வந்த நோட்டீஸ், முழுக்க ஆங்கிலம். "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, என்னன்னு பாரு கண்ணு." முதல் பத்தி முழுக்க ஒரே வாக்கியம். ஒரு வருடம் முன்னால் என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்திருக்கும். உட்கார்ந்து பென்சிலால் எழுவாயை வட்டமிட்டு, வினையைத் தேடி அடிக்கோடிட்டு, நடுவில் செருகியிருந்த 'படி', 'பட்சத்தில்'களை எல்லாம் அடைப்புக்குறிக்குள் தள்ளினேன். மிஞ்சியது ஒன்றுதான். பதினைந்து நாளைக்குள் வட்டியாவது கட்டவேண்டும், இல்லையென்றால் தாலிச் சங்கிலி ஏலத்துக்குப் போகும். நோட்டீஸில் போட்டிருந்த தேதிப்படி பார்த்தால் ஒன்பது நாள் ஏற்கெனவே போயிருந்தது. அத்தை அன்று மாலையே மகனுக்கு போன் செய்தார். சங்கிலி தப்பியது. நான் மில்டனைப் படித்ததால் தப்பியது என்று சொல்லமாட்டேன், மகன் பணம் அனுப்பியதால் தப்பியது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் பயப்படாமல் நுழைய எனக்குச் சொல்லிக்கொடுத்தது மில்டன்தான்.

நாவலுக்கு மட்டும் இந்த முறை செல்லாது. நானூறு பக்கத்துக்குப் பதவுரை எழுத யாரால் முடியும்? அங்கே வேண்டியது நேரம். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' எங்களுக்குப் பாடம், ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-ல் வந்த நாவல், 61 அத்தியாயம். நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். பேருந்தில் படித்தது, இரவில் அம்மாவுக்குக் கதையாகச் சொல்வேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அம்மா இலை வெட்டுவாள், தூளைப் போட்டுச் சுற்றுவாள், நூலைக் கட்டுவாள். கை ஒருநாளும் நின்றதில்லை. நான் எதிரே உட்கார்ந்து, கதையில் பென்னெட் குடும்பம் வாழும் லாங்போர்ன் வீட்டில் இன்று என்ன நடந்தது என்று சொல்வேன்.

கைடில் அந்த வீட்டு அம்மா மிஸஸ் பென்னெட்டைப் பற்றி, முட்டாள்தனமான, வாயாடியான, மகள்களின் கல்யாணத்தைத் தவிர வேறு நினைப்பில்லாத பெண் என்று பாத்திரப் படைப்பு இருந்தது. வகுப்பில் நாங்களும் அதைத்தான் எழுதிப் பழகினோம். அம்மா கேட்டாள்: "எத்தனை பொண்ணு அந்தம்மாவுக்கு?" ஐந்து. "ஆம்பளப் புள்ள?" இல்லை. அந்த வீடும் நிலமும் அப்பாவுக்குப் பிறகு பெண்களுக்குச் சேராது, பங்காளி முறை ஆண் ஒருத்தனுக்குப் போய்விடும் என்று சொன்னேன். அம்மாவின் கை ஒரு நொடி நின்றது.

"அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டிம்பாங்க. வீடும் கைவிட்டுப் போகப்போவுது. அந்தாளு என்ன பண்றாரு?"

"புத்தக ரூமுல உக்காந்து பொண்டாட்டியக் கிண்டல் பண்ணிட்டிருப்பாரு."

"அப்போ அந்தம்மா கத்தாம என்ன பண்ணும்?"

நான் புத்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அம்மா சொன்னது அதில் இருந்தது. ஆஸ்டின் அந்தச் சொத்து விவகாரத்தை ஆரம்ப அத்தியாயங்களிலேயே சொல்லிவிடுகிறார். மிஸ்டர் பென்னெட் சேமித்து வைக்கவில்லை என்பதைப் பின்னால் வெளிப்படையாகவே எழுதுகிறார். மிஸஸ் பென்னெட் அறிவாளி என்று நாவல் எங்கும் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் பயப்படவேண்டிய விஷயத்துக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான். பரீட்சையில் இதைத்தான் எழுதினேன், அம்மா சொன்னதாகச் சொல்லாமல். நான்கு பக்கமும் என் வாக்கியம். இலக்கணப் பிழைகள் இருந்திருக்கும். மார்க் 75-க்கு 46. முன்பு வாங்கியதைவிட ஐந்து குறைவு. அந்த 46-ஐ நான் எதற்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

ஃபொனெடிக்ஸ், அதாவது ஆங்கில ஒலியியல் தாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 44 ஒலிகள், 20 உயிர், 24 மெய் என்று மனப்பாடம் செய்யவைப்பார்கள். ஒலி எங்கே பிறக்கிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று விளக்கும்போது இது ஏதோ புது அறிவியல் என்று தோன்றும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் 'பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும்' என்று அதே உறுப்புகளை எண்ணிச் சொல்கிறது. ஷ்வா என்று ஓர் ஒலி வரும், 'பனானா'வில் முதல் எழுத்திலும் கடைசி எழுத்திலும் தேய்ந்து ஒலிக்கிற உயிர். 'காடு' என்று சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் ஷ்வா பாதி புரிந்துவிடும்.

இந்தப் படிப்பின் பழைய கதையை மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்று வாதாடிய மெக்காலேயின் குறிப்பு 1835-ல் எழுதப்பட்டது. அதையொட்டி ஆங்கில இலக்கியம் இந்தியக் கல்லூரிகளில் பரவலானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக உருவானது 1894-ல், கேம்பிரிட்ஜில் 1917-ல். அதுவரை அங்கே இலக்கியப் படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். இந்தப் பாடம் அங்கே முழுப் பாடமாவதற்கு முன்பே இங்கே ஆட்சியின் தேவைக்காக நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது என்பதை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989-ல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஷேக்ஸ்பியரை நேசித்தது ஏமாளித்தனமோ என்று ஒரு வாரம் குழம்பினேன்.

அந்த வாரத்தில் கல்லூரியில் ஏதோ விழா. வழக்கம்போல 'நீராருங் கடலுடுத்த' பாடினார்கள். அது மனோன்மணீயம் நாடகத்தின் வாழ்த்துப் பாடல். பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாடகம், லிட்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கதையைத் தழுவியது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், ஆங்கிலத்தில் படித்ததை எடுத்துத் தமிழில் தன்னுடையதாக்கிக்கொண்டார். நாம் எழுந்து நின்று பாடுகிற பாட்டு அந்த நாடகத்திலிருந்து வந்தது. கொண்டுவந்தவர்களின் நோக்கம் ஒன்றாக இருக்கட்டும், வாங்கிக்கொண்டவர்கள் செய்தது வேறு என்று அன்று எனக்குப் பட்டது. கோபமும் நேசமும் இரண்டுமே இன்றைக்கும் இருக்கின்றன.

மேடம் எங்களோடு அந்த ஒரு வருடம்தான் இருந்தார். அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். மறுபடி நோட்ஸ் வந்தது, மறுபடி மனப்பாடம். ஆனால் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த லாங் சைஸ் நோட்டை விடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் பதவுரை எழுதினோம். நான் பி.எட். முடித்து இன்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கவிதை நடத்தும்போது பலகையில் 'நிலா' எழுதாமல் நான் தொடங்குவதில்லை.

சரி, அக்கா மகளுக்கு வருகிறேன். மறுநாள் நானே போன் செய்தேன். கைடு எதுவும் வாங்காதே என்று சொல்லவில்லை. அரியர் விழுந்துவிடுமோ என்ற பயம் என்னவென்று எனக்குத் தெரியும், பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கிக்கொள் என்றேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். முதல் செமஸ்டரில் சாசர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞர் இருக்கிறார். 1380-களில் எழுதத் தொடங்கிய 'கேன்டர்பரி டேல்ஸ்', அதன் முன்னுரை. லண்டனுக்குத் தெற்கே சதர்க்கில் ஒரு சத்திரத்தில் கூடிய 29 பேரோடு கவிஞரும் சேர்ந்துகொண்டு கேன்டர்பரி கோயிலுக்கு யாத்திரை கிளம்புகிறார். வழியில் ஆளுக்குப் போக இரண்டு கதை, வர இரண்டு கதை சொல்வதாக ஒப்பந்தம். நம் ஊரில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தை நினைத்துக்கொள், பண்ணையாரும் இருப்பார், சமையல்காரரும் இருப்பார். முதல் 18 வரியை மட்டும் படி. பழைய ஆங்கிலமாக இருக்கும், பக்கத்தில் இன்றைய ஆங்கிலத்தில் பொருள் போட்டிருப்பார்கள். பதவுரை எழுது. ஏப்ரல் மழைக்கு அங்கே என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று தோன்றும். மார்ச் மாத வறட்சியைத் துளைத்து மண்ணை இளக்குகிற மழை அது, முல்லைத்திணையில் கார்காலம் வந்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி. அப்புறம், வினையைத் தேடு.

"எந்த வினை சித்தி? அதுல நெறைய இருக்கே."

"முற்று வினை. எல்லா 'போது'வையும் தாண்டி எங்க போய் நிக்குதுன்னு பாரு."

பத்து நாள் சத்தமே இல்லை. கைடு வாங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். நேற்று இரவு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். லாங் சைஸ் நோட்டு, இடது பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. மழை பெய்யும்போது, வேர்வரை நனையும்போது, தென்றல் தளிரைத் தொடும்போது, பறவைகள் பாடும்போது என்று ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து, பன்னிரண்டாவது வரியில் ஒரு சொல்லைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தாள். 'லாங்கென்'. ஏங்குகிறார்கள். பக்கத்தில் அம்புக்குறி போட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற அதே முறையில்:

லாங்கென் = லாங் + என்
லாங் - பகுதி
என் - பலர்பால் வினைமுற்று விகுதி??

இரண்டு கேள்விக்குறி. சரிதான் கண்ணு, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பன்மைக்கு அந்த விகுதி இருந்தது, பிறகு தேய்ந்துபோய்விட்டது என்று பதில் எழுதினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "எப்போ தேஞ்சுது சித்தி? நம்ம விகுதி மட்டும் ஏன் தேயல?"